வீட்டில் கட்டும் விமானத்தில் எரிபொருள் பம்ப்: ஒன்று நின்றாலும் இன்ஜின் ஓடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இறக்கை மேலே அமைந்த விமானத்துக்கும் கீழே அமைந்த விமானத்துக்கும் எரிபொருள் விஷயத்தில் உள்ள வேறுபாடு, மாடியில் தண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டுக்கும் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடுதான். இறக்கை மேலே உள்ள, கார்பரேட்டர் பொருத்திய பழைய செஸ்னா 172இல் எரிபொருள் பம்ப்பே கிடையாது. இறக்கையில் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி வந்துவிடும். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் வடிவமைத்த ஆர்வி-6, ஆர்வி-7 போன்ற விமானங்களில் இறக்கை கீழே இருப்பதால், பெட்ரோலை யாராவது மேலே இழுத்தோ தள்ளியோ தந்தாக வேண்டும். அந்த வேலை நின்றால் இன்ஜின் நின்றுவிடும். இத்தகைய விமானங்களில் இரண்டு பம்ப்கள் இருப்பது வழக்கம். ஆனால் ஒரே காரணத்தால் இரண்டும் சேர்ந்து நின்றுபோகும் வாய்ப்பு இருந்தால், அவை இரண்டு அல்ல, ஒன்றுதான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் காரணங்களைத் தேடுவதைப் பற்றியது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் இன்ஜின் செயலிழப்பும் பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதும் முன்னணியில் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. எரிபொருள் அமைப்பைச் சோதித்து அதன் முடிவை அறிக்கையாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சான்றிதழுக்கு முன் விதிக்கும்படி அது பரிந்துரைத்தது. இன்ஜின் என்ற உலோகம் உடைவதை விட, இன்ஜினுக்குப் பெட்ரோலும் மின்சாரமும் கொண்டுசெல்லும் குழாயும் கம்பியும் தகராறு செய்வதே அடிக்கடி நடக்கிறது; அவற்றை அமைப்பவரோ கட்டுபவரே. பின்வரும் படிகளில் எங்காவது உங்கள் கிட் (விமானப் பாகத் தொகுப்பு) தயாரிப்பாளரின் வரைபடத்தோடு முரண் தெரிந்தால், வரைபடத்தின் பக்கம் நில்லுங்கள்.

படி 1: டேங்கிலிருந்து இன்ஜின் வரை ஒரு கோடு வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் டேங்கின் காற்றுத்துளை, டேங்கினுள் இருக்கும் வலைச்சல்லடை, எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் வால்வ், ஃபில்டர், மின்பம்ப், ஃபயர்வாலை (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்பை) கடக்கும் இணைப்பு, இன்ஜினால் ஓடும் பம்ப், கார்பரேட்டர் அல்லது பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் என்று எல்லாவற்றையும் வரிசையாக வரையுங்கள். பக்கத்திலேயே வேறு நிறத்தில் மின்சாரத்தின் பாதையையும் வரையுங்கள்: பேட்டரி, மெயின் ரிலே, மின்சாரத்தைப் பங்கிடும் பஸ் பட்டை, ஃபியூஸ், சுவிட்ச், பம்ப், அங்கிருந்து திரும்பும் எர்த் கம்பி. பிறகு ஒவ்வொரு பொருளின் மேலும் விரலை வைத்து, இது செத்தால் பெட்ரோல் வேறு வழியில் வருமா என்று கேளுங்கள். வராது என்று விடை வரும் இடங்களை வட்டமிடுங்கள். முதல்முறை இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் வியப்படைவது இரண்டு பம்ப்களுக்கும் ஒரே ஃபில்டர், ஒரே எர்த் போல்ட் என்று காணும்போதுதான். வட்டமிட்ட எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க முடியாது. செலக்டர் வால்வ் ஒன்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் தரமான பொருளும் அடிக்கடி நடக்கும் சோதனையும்தான் காவல்.

படி 2: உங்கள் இன்ஜின் கேட்கும் அழுத்தத்தையும் அளவையும் எழுதிவையுங்கள்

கார்பரேட்டர் உள்ள லைகாமிங் ஓ-360 இன்ஜினுக்குக் குறைந்தது 0.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அளவு), அதிகபட்சம் 8 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அதே குடும்பத்தின் இன்ஜெக்‌ஷன் வகையான ஐஓ-360இல் பெட்ரோலை அளந்து தரும் ஃபியூயல் சர்வோவின் வாயிலில் 14 முதல் 45 பிஎஸ்ஐ வரை வேண்டும். ரோடாக்ஸ் 912 இன்ஜினின் கார்பரேட்டர் வகைகளுக்குக் குறைந்தபட்சம் 0.15 பார் (ஒரு பார் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ), அதிகபட்சம் பழைய பம்ப்பில் 0.4 பார், புதியதில் 0.5 பார். எனவே உங்கள் பம்ப்பின் பாக எண்ணுக்கு உரிய கையேட்டைப் பாருங்கள். கார்பரேட்டருக்கு அழுத்தம் கூடினால் மிதவை ஊசி மூட முடியாமல் பெட்ரோல் வழிந்தோடும். ஆகவே, வலிமையான பம்ப் பாதுகாப்பான பம்ப் என்று எண்ணிக் கடையில் கிடைத்த பெரியதை வாங்கிப் பொருத்துவது தவறு.

அளவைப் பொறுத்தவரை, 180 குதிரைத்திறன் ஓ-360 முழு விசையில் மணிக்கு ஏறக்குறைய 57 லிட்டர் குடிக்கும். சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கான பழைய அமெரிக்க விதி, பம்ப் உள்ள அமைப்பு இன்ஜினின் தேவையில் 125 சதவீதமும், தானாக இறங்கும் அமைப்பு 150 சதவீதமும் தர வேண்டும் என்கிறது. வீட்டில் கட்டிய விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதை விடக் குறைவாக ஏற்க எந்தக் காரணமும் இல்லை. கணக்குப்படி மணிக்கு 71 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.2 லிட்டர். இந்த எண் படி 8இல் தேவைப்படும்.

படி 3: ஒவ்வொரு பம்ப்பும் எப்படிச் சாகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லைகாமிங்கின் பின்புறம் பொருத்தியுள்ள, இன்ஜினாலேயே ஓடும் மெக்கானிக்கல் பம்ப், டயாஃபிரம் என்னும் ஒரு ரப்பர்ச் சவ்வும் இரண்டு சிறு வால்வ்களும் கொண்டது. இன்ஜின் ஓடும் வரை அதற்கு மின்சாரம் தேவையில்லை என்பது அதன் பெரும் பலம். டயாஃபிரம் மெல்ல மெல்லக் கிழியும்போது பெட்ரோல் கசிவுக்குழாய் வழியாக வெளியே வடியும், அல்லது இன்ஜினின் எண்ணெய் உள்ள கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கி எண்ணெயில் கலக்கும். எண்ணெய் அளவு குறையாமல் கூடினாலோ, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தாலோ அந்தப் பம்ப்பைக் கழற்ற வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. கசிவுக்குழாய், இன்ஜினை மூடும் உறையான கவுலிங்கின் உள்ளேயே முடியாமல், எக்ஸாஸ்ட் குழாய்க்கு எட்டாத இடத்தில் விமானத்துக்கு வெளியே முடிய வேண்டும்.

மின்பம்ப் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் சாகும். கனெக்டரில் பச்சை பூத்தல், எர்த் கம்பி தளர்தல், பிரஷ் தேய்தல் போன்றவை அதன் காரணங்கள். இன்ஜெக்‌ஷனுக்கான உயர் அழுத்தப் பம்ப்கள் தம் வழியே ஓடும் பெட்ரோலாலேயே குளிர்ந்து வழவழப்புப் பெறுபவை. வெறும் டேங்கில் சில நிமிடம் ஓட விட்டாலே அவற்றின் ஆயுள் குறைந்துவிடும்.

பம்ப் நலமாக இருந்தும் பெட்ரோல் வராத நிலை மூன்றாவது. கிணற்று மோட்டார் காற்றுப் பிடித்துக்கொண்டு வெறுமனே சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு இணைப்பு தளர்ந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது; காற்றுதான் உள்ளே நுழையும். ஆகவே சொட்டு இல்லை என்பது உறிஞ்சும் பக்கத்தில் எதையும் நிரூபிப்பதில்லை. இதே காரணத்தால்தான் இறக்கை கீழே உள்ள விமானங்களின் செலக்டரில் இடது, வலது என்று இருக்குமே தவிர இரண்டும் என்ற நிலை இருப்பதில்லை: ஒரு டேங்க் காலியானால் பம்ப் மற்றதன் பெட்ரோலை விட்டுவிட்டு எளிதாக வரும் காற்றையே இழுக்கும்.

பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டத்தை அடைக்கும் வேப்பர் லாக் இதன் உறவினன். அழுத்தம் குறையும்போது திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். 37.8 டிகிரி செல்சியஸில் விமானப் பெட்ரோலான அவ்கேஸின் ஆவியழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கல் வரை. அமெரிக்கக் கோடைக்கால மோட்டார் பெட்ரோலில் அது 62 வரை போகலாம். குளிர்காலக் கலவையில் 100ஐயும் தொடலாம். 10,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 70 கிலோபாஸ்கல்தான். பம்ப் உறிஞ்சும்போது குழாயினுள் அது இன்னும் குறையும். மெக்கானிக்கல் பம்ப்போ சூடான இன்ஜினின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. இறங்கி இன்ஜினை அணைத்து, தேநீர் குடித்துவிட்டு அரை மணியில் மீண்டும் கிளம்பும் வெயில் நாள்தான் மிக ஆபத்தானது, ஏனெனில் அணைத்த பின் கவுலிங்கின் உள்ளே சூடு தேங்கிப் பம்ப்பில் நிற்கும் பெட்ரோலைச் சூடாக்குகிறது. இரண்டு பம்ப்களையும் கவுலிங்கின் உள்ளே, உறிஞ்சும் நிலையில் வைத்தவருக்கு அன்று இரண்டும் சேர்ந்தே நிற்கும். மின்பம்ப்பை ஃபயர்வாலுக்குப் பின்னால், டேங்க்குக்கு அருகில், முடிந்தவரை தாழ்வாக வைத்தால் அது உறிஞ்சாமல் தள்ளும். தள்ளப்படும் பெட்ரோல் எளிதில் கொதிக்காது.

படி 4: தொடரா, இணையா என்று முடிவுசெய்யுங்கள்

கார்பரேட்டர் உள்ள இன்ஜினில் மின்பம்ப்பும் மெக்கானிக்கல் பம்ப்பும் ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக அமைவது சரியானது. டயாஃபிரம் பம்ப்பின் வால்வ்கள் ஒரே திசையில் திறப்பதால், அது ஓடாவிட்டாலும் மின்பம்ப் தள்ளும் பெட்ரோல் அதன் வழியே போய்விடும். இந்த ஏற்பாட்டின் எளிமையை வெல்ல வேறு ஒன்று இல்லை. இதை மாற்றத் தோன்றினால் வலுவான காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுபாரு இஜே22 போன்ற கார் இன்ஜின்களை மாற்றிப் பயன்படுத்துவோருக்கும், மின்னணு இன்ஜெக்‌ஷன் பொருத்தியோருக்கும் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்ப் இல்லை. இரண்டும் மின்பம்ப்கள், அழுத்தம் ஏறக்குறைய 3 பார். இவ்வகைப் பம்ப் நின்றுவிட்டால் தன் வழியே பெட்ரோலைப் போக விடாமல் அடைக்கக்கூடும் என்பதால், உள்ளேயே பைபாஸ் வால்வ் இல்லாத பம்ப்களைத் தொடராக வைக்கக் கூடாது. இணையாக வைத்தால் ஒவ்வொன்றின் வெளிவாயிலிலும் ஒரே திசையில் மட்டும் திறக்கும் தனித்தனிச் செக் வால்வ் வேண்டும். இல்லையெனில் ஓடும் பம்ப் தரும் பெட்ரோல், நின்ற பம்ப்பின் வழியே பின்னோக்கிச் சுழன்று மீண்டும் உறிஞ்சும் பக்கத்துக்கே வந்துவிடும், இன்ஜினுக்கு அழுத்தம் எழாது.

இங்கே ஒரு உறங்கும் கோளாறு இருக்கிறது. இரண்டாம் பம்ப்பின் செக் வால்வ் திறந்தபடி சிக்கிக்கொண்டால், இரண்டு பம்ப்களும் ஓடும் வரை எதுவும் தெரியாது. இரண்டாவது நிற்கும் நாளில்தான் முதலாவதும் பயனற்றது என்று தெரியவரும். இரண்டையும் எப்போதும் ஒன்றாகவே ஓட்டுபவர் தம் மாற்றுப் பம்ப்பை ஒருநாளும் சோதித்ததில்லை என்று பொருள்.

படி 5: மின்சாரத்தையும் இரண்டாக்குங்கள்

மெக்கானிக்கல் பம்ப் இல்லாத இன்ஜினில் மின்சாரமும் எரிபொருள்தான். ஒவ்வொரு பம்ப்புக்கும் தனி ஃபியூஸ், தனிச் சுவிட்ச், தனி எர்த் இடம் வேண்டும். முடிந்தால் ஒன்று மெயின் பஸ்ஸிலிருந்தும் மற்றொன்று பேட்டரியோடு நேரடியாக இணைந்த பஸ்ஸிலிருந்தும் மின்சாரம் பெற வேண்டும். மெயின் ரிலே பழுதானாலும், கேபினில் புகை வந்து விமானி மாஸ்டர் சுவிட்சை அணைத்தாலும் இன்ஜின் ஓட வேண்டும் என்பதே சோதனைக் கேள்வி. ரோடாக்ஸ் 912 ஐஎஸ் இரண்டு மின்பம்ப்களோடு, கட்டுப்பாட்டுக் கணினியையும் இரண்டு பாதைகளாகப் பிரித்து, இன்ஜினுள்ளேயே இரண்டு ஜெனரேட்டர்களை வைத்திருப்பது இதே கேள்விக்கு விடையாகத்தான்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நின்றால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் காகிதத்தில் கணக்கிடுங்கள். உதாரணமாக பம்ப், கணினி, இன்ஜெக்டர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 12 ஆம்பியர் இழுப்பதாகவும், பேட்டரி மேல் 16 ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதாகவும் வைப்போம். அந்த எண் மெதுவாக இறக்கும்போது கிடைப்பது. வயதான பேட்டரியில் பாதியை மட்டும் நம்பினால் 8 ஆம்பியர்-மணி, அதாவது 40 நிமிடம். அந்த 40 நிமிடத்துக்குள் இறங்க ஓடுதளம் இருக்கும் பாதையில்தான் அந்த விமானம் பறக்க வேண்டும். பிறகு அந்தக் கணக்கைத் தரையில் கடிகாரம் வைத்துச் சரிபாருங்கள்.

அழுத்தம் குறைந்தால் இரண்டாம் பம்ப் தானாகவே ஓடத் தொடங்கும் ஏற்பாடு பலருக்குக் கவர்ச்சியாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் பம்ப் செத்ததை அது மறைக்கலாம், குழாய் உடைந்து தீப்பிடித்த நேரத்தில் விடாமல் பெட்ரோலை ஊற்றலாம், புதிதாகப் பழுதடைய ஒரு சென்சாரையும் ரிலேவையும் கூட்டுகிறது. கண்ணில் படும் சிவப்பு விளக்கும் கைக்கு எட்டும் சுவிட்சும் எளிமையானவை.

படி 6: உறிஞ்சும் பக்கத்தைச் சுத்தமாக அமையுங்கள்

வளைவுகள் குறைந்த, போதுமான விட்டமுள்ள குழாய், குழாய் முனையை விரித்து இறுக்கும் தரமான 37 டிகிரி ஃப்ளேர் இணைப்புகள், டேங்க்குக்கு ஒன்றாகச் சல்லடை, பம்ப்புக்கு ஒன்றாக ஃபில்டர் என்று அமையுங்கள். எரிபொருள் இணைப்புகளில் டெஃப்லான் நாடா வேண்டாம். அதன் நூல் பிரிந்து வால்வில் சிக்கும். அலுமினியச் சீவல், டேங்க் அடைப்புப் பசையின் துணுக்கு போன்ற கட்டுமானக் குப்பைகள் முதல் சில மணி நேரங்களில் ஃபில்டருக்கு வந்து சேர்வது வழக்கமான ஒன்று. டேங்கின் காற்றுத்துளைகளில் குளவி மண்கூடு கட்டினால், எத்தனை பம்ப் இருந்தாலும் டேங்கினுள் வெற்றிடம் உருவாகி ஓட்டம் நின்றுபோகும். ஒவ்வொரு டேங்குக்கும் தனித்துளை இருப்பது இதற்காகவும்தான். மெக்கானிக்கல் பம்ப்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறையிட்டு வெளிக்காற்றைக் குழாய் வழியே பாய்ச்சுவது, சூட்டுக்கு எதிராக அதிகம் செலவில்லாத தீர்வு. ரோடாக்ஸ் 912இல் பெட்ரோலின் ஒரு பகுதியை டேங்குக்கே திருப்பி அனுப்பும் குழாய் ஆவியையும் எடுத்துச்செல்கிறது. தொந்தரவு என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

படி 7: அழுத்தமானியும் கைக்கு எட்டும் தூரமும்

அழுத்தத்தை அளக்கும் இடம் இரண்டு பம்ப்களையும் கடந்த பிறகு, கார்பரேட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். சென்சாரை இன்ஜின் மேல் திருகினால் அதிர்வு அதை உடைக்கும். ஃபயர்வாலில் பொருத்தி, இன்ஜின் பக்க இணைப்பில் மிக நுண்ணிய துளை உள்ள ஒரு ஃபிட்டிங்கைப் போடுங்கள், குழாய் அறுந்தாலும் கசிவு சிறிதாகவே இருக்கும்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் பசிஃபிக் குரோவ் கடலோரத்தில், பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஇசட் விமானத்தில் இறந்தார். அந்த விமானத்தைக் கட்டியவர், வரைபடம் காட்டிய இடத்தில் வைக்காமல் எரிபொருள் செலக்டரை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். திரும்பி அதை இயக்க முயன்றபோது தவறுதலாக வலது ரடர் மிதி (விமானத்தைப் பக்கவாட்டில் திருப்புவது) அழுத்தப்பட்டுக் கட்டுப்பாடு போனது என்பது விசாரணையின் முடிவு. டேங்கில் பெட்ரோல் இருப்பதும் பம்ப் இருப்பதும் கை எட்டாவிட்டால் பயன்படா. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, செலக்டரையும் பம்ப் சுவிட்சையும் தொட்டுப் பாருங்கள்.

படி 8: தரையிலேயே கொல்லுங்கள்

அமெரிக்க விமான நிர்வாகத்தின் சோதனைப் பறப்புக் கையேடு, விமானத்தின் மூக்கை அதன் மிகச் செங்குத்தான ஏறுகோணத்தை விட 5 டிகிரி அதிகமாக உயர்த்தி ஓட்டத்தை அளக்கச் சொல்கிறது. வால்சக்கர விமானமானால் வாலைக் குழியில் இறக்கலாம். மூக்குச்சக்கரம் உள்ளதானால் சரிவுப் பலகை கட்டி மூக்கை உயர்த்தலாம். டேங்கில் குறைந்த அளவு பெட்ரோல் மட்டும் வைத்து, கார்பரேட்டர் அருகே குழாயைக் கழற்றி, எர்த் செய்த பாத்திரத்தில் ஒரு நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள், ஓ-360க்கு 1.2 லிட்டராவது வர வேண்டும். திறந்தவெளியில், தீயணைப்பானோடு, இருவராகச் செய்யுங்கள். ஒவ்வொரு டேங்கிலும், ஒவ்வொரு மின்பம்ப்பிலும் தனித்தனியே அளக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் அமைப்பில் திறந்த குழாயில் அளப்பது ஏமாற்றும், ஏனெனில் 3 பார் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும்போது பம்ப்பின் ஓட்டம் குறையும். ரெகுலேட்டரை இணைத்தபடி, திரும்பு குழாயில் வருவதை அளக்க வேண்டும். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் மட்டும் ஓட்டியும் அளவு போதுமா என்று பாருங்கள்.

பின்பு சக்கரத்துக்குத் தடை வைத்து, வாலைக் கட்டி, முழு விசையில் ஒவ்வொரு பம்ப்பிலும் தனியாக ஓட்டுங்கள். மெக்கானிக்கல் பம்ப் மட்டும், பிறகு மின்பம்ப்பும் சேர்த்து. இரட்டை மின்பம்ப் எனில் முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும். சூடான இன்ஜினை அணைத்து அரை மணி கழித்து மீண்டும் இதையே செய்து பாருங்கள்.

படி 9: ஒவ்வொரு பறப்பிலும்

ஸ்டார்ட் செய்யும் முன் மின்பம்ப்பைப் போட்டு அழுத்தம் எழுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் அணைத்து மெக்கானிக்கல் பம்ப் தாங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் அன்றைக்கு உயிரோடு இருப்பதை இந்த இரண்டு பார்வைகள் காட்டிவிடும். எந்த டேங்கில் ரன்-அப் (எழும்பும் முன் தரையில் இன்ஜின் சோதனை) செய்தீர்களோ அதே டேங்கிலேயே எழும்புங்கள். மின்பம்ப் 1,000 அடி வரை ஓடட்டும். அதன் பிறகு அணைத்துவிட்டு, கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமல் சில நொடி அழுத்தமானியைப் பாருங்கள். டேங்க் மாற்றும்போதும் இறங்கும்போதும் மீண்டும் போடுங்கள். இணையான இரட்டைப் பம்ப் உள்ளவர்கள், ஒரு பறப்பில் முதலாவது, அடுத்ததில் இரண்டாவது என்று மாற்றி ஓட்டினால் உறங்கும் கோளாறு உறங்காது.

பறக்கையில் அழுத்தம் விழுந்தால் முதலில் மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு வேகத்தைக் காப்பாற்றுங்கள். மின்பம்ப், வேறு டேங்க், ரிச் மிக்ஸ்சர் (பெட்ரோல் கூடிய கலவை) என்ற வரிசை கைக்குப் பழகியிருக்க வேண்டும். கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் சில நொடிகளைத் தரும். இன்ஜெக்‌ஷன் இன்ஜின் அதைக்கூடத் தராது. டேங்க் மாற்றியதும் அழுத்தம் திரும்பினால், அது பம்ப்பின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃபிரம் கிழிந்ததாலோ ஃபயர்வாலுக்கு முன்னால் குழாய் உடைந்ததாலோ அழுத்தம் விழுந்திருந்தால், நீங்கள் போடும் மின்பம்ப் சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் பெட்ரோலைப் பீச்சிக்கொண்டிருக்கலாம். பம்ப்பைப் போட்டும் அழுத்தம் திரும்பாமல், பெட்ரோல் வாசனையோ புகையோ வந்தால் மின்பம்ப்பை அணைத்து, செலக்டரை மூடி, இன்ஜின் இல்லாமல் இறங்குவதே சரி. இன்ஜின் மீண்டும் ஓடினாலும் அது பயணத்தைத் தொடர்வதற்கான அனுமதி அல்ல. மிச்சம் இருப்பது ஒரே பம்ப், ஆகவே அருகில் உள்ள ஓடுதளத்தில் இறங்கி விடுங்கள்.

படி 10: பராமரிப்பு

முதல் 5 மணி, 10 மணி, 25 மணிப் பறப்பில் சல்லடைகளையும் ஃபில்டர்களையும் திறந்து பார்த்து, கிடைத்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள். ரோடாக்ஸ் தன் இன்ஜின்களின் ரப்பர்க் குழாய்களை 5 ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கிறது. மற்ற இன்ஜின் வைத்திருப்போரும் குழாயின் மேல் பொருத்திய தேதியை எழுதி ஒட்டுவது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஆவியழுத்தத்தைக் கூட்டும், பொருந்தாத ரப்பரை ஊறவைக்கும். ரோடாக்ஸ் 912 வரிசையில் 10 சதவீதக் கலப்பு வரை அனுமதி உண்டு, ஆனால் இன்ஜினுக்கு உள்ள அனுமதி உங்கள் டேங்கின் பசைக்கும் செலக்டரின் ஓ-ரிங்குக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டுப் பரிசோதனையில் படி 8இன் ஓட்ட அளவை மீண்டும் எடுத்து, முதல் ஆண்டின் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 1.6 லிட்டர் வந்த இடத்தில் 1.3 வந்தால் அது இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் குறைந்த அந்த 0.3 லிட்டர் ஃபில்டரிலா, குழாயிலா, பம்ப்பிலா என்று கண்டுபிடிக்கும் வரை விமானம் ஹேங்கரிலேயே இருக்கட்டும்.